எவருக்கும் வேண்டாத 287 ஓட்டுகள்

அத்தியாயம் 4

"பத்து நிமிஷமா அந்தத் தாளையே பார்க்கறியே தங்கச்சி, என்ன தப்பு இருக்கு அதுல? கூட்டினா சரியாத்தானே வருது?" என்றார் ஷைஷென்.

"சரியா வர்றதுதாண்ணே இடிக்குது," என்றாள் ஜிபார்.

கார் மலைப்பாதையில் இருமிக்கொண்டே ஏறியது. ஷைஷென் பதினெட்டு வருடம் காவல்துறை ஜீப் ஓட்டியவர். விசாரணை அதிகாரியாக இருந்த ஜிபார் வேலையை விட்ட அதே வாரம் இவரும் விட்டார். புது அதிகாரி பேசவே விடமாட்டேன் என்கிறான், வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டினால் எனக்குத் தூக்கம் வரும் என்று காரணம் சொன்னார். இப்போது ஜிபார் வக்கீல்களுக்காகத் துப்பு துலக்குகிறாள். இவர் அவளுக்காகக் காரும் ஓட்டுகிறார், வாயும் ஓட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை நாடே ஆளுக்கு இரண்டு சீட்டு போட்டிருந்தது. ஜனாதிபதிக்கு வெள்ளைச் சீட்டு, நாடாளுமன்ற உறுப்பினருக்கு நீலச் சீட்டு. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் செலவு மிச்சம் என்று அரசாங்கம் சொன்னது. வெள்ளைச் சீட்டைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அது எண்ணுவதற்கு முன்பே சரியாக இருந்தது. சண்டையெல்லாம் நீலத்தில்தான்.

கெங்-புலாக் தொகுதியில் வென்றவர் தோக்தோசுன் என்ற கால்நடை மருத்துவர். 140 ஓட்டு வித்தியாசம். தோற்றவர் மெலிஸ். மாவட்டத்தில் பாதி பெட்ரோல் பங்குகள் அவருடையவை. மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் நான்கு பேரின் முதல் எழுத்தையும் ரஷ்ய மொழியில் சேர்த்து அவருடைய அப்பா வைத்த பெயர் அது. நான்கு பேரையும் சுமந்துகொண்டு பிறந்த பிள்ளை, எட்டு பெட்ரோல் பங்குக்கு முதலாளி ஆகிவிட்டது.

மெலிஸின் சொந்த ஊர் சாரிபெல். அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாக்குச்சாவடியின் கணக்குத்தாள்தான் ஜிபாரின் மடியில் இருந்தது. மொத்தம் 371 நீலச் சீட்டு. மெலிஸுக்கு 61. வேறு இரண்டு பேருக்கு 14, 9. மருத்துவருக்குப் பூஜ்யம். 'எவருக்கும் இல்லை' என்ற கடைசிக் கட்டத்தில் 287.

காலையில் தன் அலுவலகத்தில் மெலிஸ் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். சொந்த ஊரில் அறுபத்தோரு ஓட்டா, என் ரத்த சொந்தமே எழுபது பேர் இருக்கிறார்களே என்றார். அப்படியென்றால் ஒன்பது பேர்தான் மனசாட்சிப்படி நடந்திருக்கிறார்கள் என்று ஷைஷென் வாய்க்குள் சொன்னது ஜிபாருக்கு மட்டும் கேட்டது. அந்த 287 சீட்டும் தன்னுடையவைதான், வாக்குச்சாவடித் தலைவி புருல் என்கிற வாத்தியாரம்மா யாரிடமோ விலைபோய் அவற்றைக் குப்பைக் கட்டத்தில் தள்ளிவிட்டாள் என்பது மெலிஸின் வாதம். மருத்துவருக்கு ஏன் ஒன்றுகூட இல்லை என்று ஜிபார் கேட்டாள். அவன் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன், என் ஊரில் அவனுக்கு யார் போடுவார்கள் என்று பேச்சை அதோடு முடித்துவிட்டார்.

அவருடைய வக்கீல் எர்கின், சீட்டு மூட்டையை எல்லார் முன்னிலையிலும் திறக்க வேண்டும் என்று ஒன்பது மணிக்கே மனு போட்டு முத்திரையும் வாங்கிவிட்டார். முத்திரை விழுந்த மனுவைத் திரும்ப வாங்க முடியாது. மாலை ஐந்து மணிக்குத் தொகுதித் தேர்தல் குழு கூடும். மோசடி என்று முடிவானால் புருலை அங்கிருந்து நேராக மாவட்டச் சிறைக்கு அழைத்துப் போவார்கள். புருலுக்கு இரண்டு பிள்ளைகள். கணவன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்கிறான். வீட்டில் இருப்பது மாமியார் ஒருத்திதான்.

"கிடைக்கறது எதுவானாலும் அஞ்சு மணிக்குக் குழு முன்னாடி வைப்பேன். சம்மதமா?" என்று ஜிபார் கேட்டிருந்தாள்.

"உண்மை என் பக்கம்தாம்மா இருக்கு. தாராளமா வை," என்று மெலிஸ் சொல்லியிருந்தார்.

சாரிபெல்லில் முதல் மூன்று வீடுகளில் கேட்டார்கள். மூன்று வீட்டிலும் மெலிஸுக்குத்தான் போட்டோம் என்றார்கள். கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்தது.

"இந்த ரேட்ல போனா அந்தாளுக்கு எழுநூறு ஓட்டு தேறும். ஊர்ல இருக்கறதே முந்நூத்திச் சொச்சம்," என்றார் ஷைஷென்.

ஜிபார் மூன்றாவது வீட்டு மாட்டுக்கொட்டகையைக் காட்டினாள். உடைந்த ஜன்னலில் காற்று வராமலிருக்க ஒரு மாவுச் சாக்கை அடைத்திருந்தார்கள். தேர்தலுக்காக மெலிஸ் வீட்டுக்கு வீடு கொடுத்த மாவு. சாக்கில் அவர் முகம் பெரிதாக அச்சிட்டிருந்தது.

"முகம் எந்தப் பக்கம் பார்க்குது பாருங்க."

ஷைஷென் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "மாட்டைப் பார்க்குது. மாடு திரும்பி நின்னுக்கிட்டிருக்கு."

பள்ளிக்கூட வாசலில் சாம்பல் நிறக் கார் ஒன்று நின்றது. அரசு விசாரணை அதிகாரியின் கார். அவர் தலைநகரத்துக்காரர். ஐந்து மணி வரை பொறுக்கச் சொல்லியிருந்தார்கள், அதனால் காருக்குள்ளேயே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். தொலி ஜன்னலுக்குக் கீழே குவிந்திருந்தது.

புருல் ஆசிரியர் அறையில் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சரித்திரப் பாடம் நடத்துகிறவள். நேரம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்காமல் பேசத் தெரியாதவள். பீங்கான் கிண்ணத்தில் கால் பங்குதான் ஊற்றினாள். தீரத் தீர ஊற்றிக்கொண்டேயிருந்தாள். மரியாதை தெரிந்த வீட்டுப் பெண். விளிம்பு வரை ஊற்றிக் கொடுப்பது, குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களுக்கு.

சீட்டுகளை எடுத்து வாசித்தது தான்தான் என்று புருல் ஒப்புக்கொண்டாள். கணினியில் ஏற்றியது செயலாளர் ருஸ்லான். வெள்ளைச் சீட்டையும் முதலில் இதே மேசையில் இவர்கள் இருவரும்தான் எண்ணினார்கள். நீலத்துக்கு வந்தபோது மற்ற ஐந்து உறுப்பினர்களும் எண்ணி முடித்த வெள்ளைச் சீட்டைக் கட்டும் மேசைக்குப் போய்விட்டார்கள், மேலிடத்துப் பார்வையாளர்கள் அந்த மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெலிஸின் ஏஜெண்டு எங்கே என்று கேட்டதற்கு, வெற்றி விருந்துக்குக் குதிரை அறுக்கப் போய்விட்டார் என்றாள். மருத்துவருக்கு ஏஜெண்டே கிடையாதாம்.

"மெலிஸுக்கு வந்த அறுபத்தொண்ணையும் மெலிஸ், மெலிஸ்னு வாய் வலிக்க வாசிச்சேங்கக்கா. பதினாலும் ஒன்பதும் வந்தவங்க பேரையும் வாசிச்சேன். யாரும் வேண்டாம்னு வந்தது மூணே மூணு. மத்ததெல்லாம் பார்க்கறவங்களுக்குத் தெரியற மாதிரி தூக்கிக் காட்டினேன். எம் பிள்ளைங்க மேல சத்தியம்."

"மூணுதானா? இங்க இருநூத்தி எண்பத்தேழு இருக்கே."

"அதான் எனக்கும் புரியல."

விசாரணையில் இருக்கும் தாளைச் சாட்சிகளுக்குக் காட்டக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஜிபார் தாளை மடித்து, கையெழுத்துகள் இருந்த அடிப்பகுதியை மட்டும் காட்டினாள். அதில் கிண்ணம் வைத்த வட்டக் கறை ஒன்று இருந்தது. தேநீர் பட்ட இடத்தில் ஏழு கையெழுத்திலும் மை கரைந்து மீசை வைத்திருந்தது. ஆனால் கடைசி எண்ணான 287, காய்ந்த கறையின் மேல் துளியும் கலங்காமல் உட்கார்ந்திருந்தது.

"அன்னிக்குத் தேநீர் எத்தனை மணிக்குக் குடிச்சீங்க?"

"நாலு மணி இருக்கும்."

"எண்ண ஆரம்பிச்சது?"

புருல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எண்ண ஆரம்பித்தது ஓட்டுப்பதிவு முடிந்த பிறகுதான். வெற்றுத்தாளில் முன்கூட்டியே ஏழு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவது வழக்கம், எல்லாச் சாவடியிலும் அப்படித்தான், கடைசி நேரத்தில் ஆளைத் தேட முடியாது என்று மெல்லிய குரலில் சொன்னாள். எண்கள் நிரப்பிய தாளை அவள் கண்ணால் பார்க்கவே இல்லை. அதை வெளியே சொன்னால் அதுவே குற்றம் ஆகிவிடும் என்றுதான் இரண்டு நாளாக விசாரணை அதிகாரியிடம் திக்கித் திணறியிருக்கிறாள். அவர் அந்தத் திணறலையே ஒப்புதல் வாக்குமூலம் என்று எழுதிவைத்திருந்தார்.

அடுத்து ருஸ்லான். கணினி வாத்தியார், இருபத்தாறு வயது, தலைநகரத்தில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவன். செப்டம்பரில்தான் வேலைக்கு இங்கே வந்தான். பயத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தான்.

"பேரைச் சொன்னா அந்தப் பேர்ல தட்டினேன் மேடம். பாதிக்கு மேல பேரே சொல்லல. தூக்கிக் காட்டினாங்க, தலையைக் குனிஞ்சாங்க, அடுத்ததை எடுத்துட்டாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பேரு எதையும் தேர்ந்தெடுக்காம அடுத்ததுக்குப் போனா, அது தானாவே 'எவருக்கும் இல்லை'யில விழும். யாருக்கும் இல்லைங்கறதைத்தான் அப்படித் தலையாட்டிச் சொல்றாங்கன்னு நினைச்சேன்."

"சீட்டைப் பார்க்கலியா?"

"நான் திரையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

வெளியே வந்ததும் ஷைஷென் தொப்பியைக் கழற்றி வழுக்கையைச் சொறிந்தார். அந்தம்மா வாயைத் திறக்கவில்லை, இந்தப் பையன் கண்ணைத் திறக்கவில்லை, ஆகக் குற்றம் பாதிப் பாதி, கிளம்பலாமா என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் உண்மையைத்தாண்ணே சொல்றாங்க."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. ஒருத்தர் பொய் சொன்னா வேலை சுலபம்."

"அதே மேசை, அதே ஆளுங்க, அதே சாயங்காலம். வெள்ளைச் சீட்டு ஒண்ணுகூட பிசகல. ஊழல் பண்ற கை வெள்ளையை மட்டும் விட்டுட்டு நீலத்துல விளையாடுமா? அப்ப கையில கோளாறு இல்ல. வெள்ளைச் சீட்டுல இல்லாம நீலச் சீட்டுல மட்டும் இருக்கற ஏதோ ஒண்ணுலதான் கோளாறு."

"நிறம்," என்றார் ஷைஷென்.

மணி அடித்தது. புருல் ஏழாம் வகுப்புக்குப் போனாள். நான்கு மணி நேரத்தில் சிறைக்குப் போகக்கூடிய ஒருத்தி வருகைப் பதிவேட்டைத் திறப்பதைக் கதவுக்கு வெளியே நின்று ஜிபார் பார்த்தாள். புருல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து உள்ளேன் என்றது. சாதாரண சங்கதி. ஆனால் ஜிபார் திடீரென்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். பதிவேடு மூடப்பட்டதும் ஷைஷென் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை பேரைக் கூப்பிட்டாங்க?"

ஷைஷெனுக்கு வேலை இல்லாத இடத்தில் எண்ணுகிற பழக்கம் உண்டு. "இருபத்து மூணு."

"எத்தனை பேரு உள்ளேன்னாங்க?"

அவர் விரல்களை மறுபடி மடக்கிப் பார்த்தார். "இருபத்து நாலு. ஒண்ணு அதிகம். கள்ள ஓட்டா?"

"போய் வண்டியைத் திருப்பி நிறுத்துங்கண்ணே."

இடைவேளையில் ஜிபார் முன்வரிசைப் பெண் ஒருத்தியை நிறுத்தி, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பையனை ஏன் வாத்தியாரம்மா கூப்பிடவில்லை என்று கேட்டாள். பனி ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் அந்தப் பெண் பார்த்தாள். கூப்பிட்டார்களே, அவனைப் பார்த்துத் தலை குனிந்தார்களே என்றாள். அவன் பெயரும் டீச்சருடைய மாமனார் பெயரும் ஒன்று. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவர் செத்துப்போய்விட்டார். அதற்காக மருமகள் அந்தப் பெயரைச் சொல்லிவிட முடியுமா? அந்தப் பெயர் என்ன என்பதையும் அந்தப் பெண்ணே சொன்னாள். ஜிபார் அதை எழுதிக்கொள்ளவில்லை. ஏற்கெனவே எழுதி அவள் கையில் இருந்தது.

காருக்குப் பக்கத்தில் பெரிய கறுப்பு வண்டி ஒன்று வந்து நின்றிருந்தது. மெலிஸ், வக்கீல் எர்கின், பின்னால் இரண்டு டிவிக்காரர்கள். மெலிஸ் சொந்த ஊரில் அழுது புரள்வதைப் படம் எடுக்க வந்திருந்தார்கள்.

"கண்டுபிடிச்சாச்சா?" என்றார் எர்கின்.

"மோசடி இல்ல. புருல் ஒரு பேரை வாயால சொல்லவே மாட்டாங்க. புகுந்த வீட்டுப் பெரியவருக்கான மரியாதை. அந்தப் பேருக்கு விழுந்த 284 சீட்டையும் தலையைக் குனிஞ்சு காட்டியிருக்காங்க. அந்தப் பையன் அது புரியாம 'எவருக்கும் இல்லை'யில ஏத்திட்டான். அந்தப் பேரு—"

"புரியுது, புரியுது," என்றார் மெலிஸ். "நான் அவ புருஷனுக்குத் தூரத்துப் பெரியப்பா பிள்ளை. முறையில மூத்தவன்."

"முழுசாக் கேளுங்க. அந்தப் பேரு—"

"இதுக்கு மேல என்னம்மா கேக்கணும்? இந்த ஊர்ல மரியாதை குடுக்கற அளவுக்கு என்னை விட்டா வேற யாரு இருக்கா?" அவர் கைக்குட்டையை எடுத்தார். டிவிக்காரன் ஓடிவந்தான். "பெத்த பிள்ளைங்களே பேரைச் சொல்லிக் கூப்பிடற காலத்துல, என் பேரைச் சொல்லக் கூசியிருக்கா எங்க ஊர் மருமக. இவளைப் போயி ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேனே."

"ஐயா, புருல் காலையில என்கிட்ட என்ன சொன்னாங்கன்னா—"

"நீ பிரமாதமா வேலை பண்ணியிருக்கே. மிச்சத்தைச் சாயங்காலம் நான் பார்த்துக்கறேன்."

கறுப்பு வண்டி கிளம்பிப் போனது. போகிற வழியில் வெற்றி விருந்துக்கு மறுபடியும் ஏற்பாடு சொல்லிவிட்டுப் போனார்கள் என்பது பிறகு தெரிந்தது.

ஜிபார் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி, புருலிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். சாயங்காலம் யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்க வேண்டாம், உங்களுக்குப் பழக்கம்தானே என்றாள்.

மலை இறங்கும்போது ஷைஷெனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. என் வீட்டில் இந்த வழக்கமெல்லாம் கிடையாது, என் பெண்டாட்டி என் பெயரோடு இன்னும் நாலு பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவாள் என்று ஆரம்பித்தார். பிறகு சட்டென்று பிரேக்கைத் தொட்டார்.

"தங்கச்சி, எனக்கு ஒரு சந்தேகம். அந்தம்மா காலையில வாய் வலிக்க—"

"அஞ்சு மணிக்கு மேல கேளுங்கண்ணே."

கெங்-புலாக் கலாசார மாளிகையில் உட்கார இடம் இல்லை. மேடையில் தொகுதிக் குழுத் தலைவர், அவர் முன்னால் முத்திரை வைத்த மூட்டை, பக்கத்தில் மடிக்கணினியோடு ருஸ்லான். கதவருகே விசாரணை அதிகாரி, கையில் கோப்பு, கோட்டில் விதைத் தொலி. முதல் வரிசையில் மெலிஸ் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு கேமராவுக்கு வாகாக உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் புருலின் மாமியார், கெட்டியான சால்வைக்குள் ஒரு சின்ன மூட்டை போல.

எர்கின் எழுந்து விஷயத்தைச் சொன்னார். கிராமத்து மருமகளின் மரியாதை, ஒரு பெரிய மனிதரின் பெயர், அதைப் புரிந்துகொள்ளாத நகரத்து இளைஞன். அழகாகப் பேசினார். சாரிபெல்காரர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

மூட்டை திறக்கப்பட்டது. கம்பளி நூலால் கட்டிய ஐந்து கட்டுகள். நான்கில் பெயர் எழுதிய துண்டு சொருகியிருந்தது. எல்லாவற்றிலும் பெரிய கட்டில் துண்டு இல்லை.

விதிப்படி சாவடித் தலைவிதான் இதை வாசிக்க வேண்டும் என்றார் குழுத் தலைவர். புருல் மேடை ஏறினாள். கட்டை அவிழ்த்து முதல் சீட்டை எடுத்தாள். பார்த்தாள். தலையைக் குனிந்தாள். சபை காத்திருந்தது. அவள் உதடு அசையவில்லை. விசாரணை அதிகாரி கோப்பைத் திறந்தார்.

வாசிக்காவிட்டால் சீட்டுகள் செல்லாது, நீங்களும் வீட்டுக்குப் போக முடியாது என்று தலைவர் எச்சரித்தார். புருல் சீட்டைக் கட்டின் மேல் திரும்ப வைத்து, மறுபடி தலையைக் குனிந்தாள்.

மெலிஸ் எழுந்தார்.

"அந்தப் பொண்ணை வற்புறுத்தாதீங்க. அவ நாக்குக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். நானே வாசிக்கறேன்."

மனுதாரர் வாசிக்க விதியில் இடம் உண்டு. ஆனால் ஆரம்பித்தவர்தான் முடிக்க வேண்டும், நடுவில் ஆள் மாற்றக் கூடாது என்றார் தலைவர். மெலிஸ் பெருந்தன்மையோடு கையெழுத்துப் போட்டார். எழுதிய தாளில்தான். கட்டை வாங்கிக்கொண்டு, கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்து, முதல் சீட்டை உயர்த்தினார்.

உயர்த்திய கை அப்படியே நின்றது.

இரண்டாவது சீட்டைப் புரட்டினார். மூன்றாவதை. கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். கடைசியில் இருந்ததையும் பார்த்தார். எர்கினைப் பார்த்தார். எர்கின் கூரையைப் பார்த்தார்.

"வாசிங்க ஐயா," என்றார் தலைவர்.

மெலிஸ் ஏதோ முனகினார்.

கடைசி வரிசையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "எனக்குக் கேக்கல தம்பி. நாப்பத்து மூணு வருஷம் குடும்பம் நடத்தியும் நான் வாய்விட்டுச் சொல்லாத பேரு அது. நீயாவது கொஞ்சம் சத்தமாச் சொல்லு, கேட்டுக்கறேன்."

"தோக்தோசுன்," என்றார் மெலிஸ்.

மேடையில் புருல் தலையைக் குனிந்தாள். கடைசி வரிசையில் சால்வையும் குனிந்தது. ருஸ்லான் இந்த முறை திரையைப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்து, பெயரைப் பார்த்து, அப்புறம் தட்டினான்.

சாரிபெல்காரர்கள் மேற்கொண்டு இருமவில்லை. மந்தையில் நோய் விழுந்த குளிர்காலத்தில் கணவாய் மூடிக்கிடந்தபோது குதிரையில் வந்து சேர்ந்த ஒரே ஆள் அந்த மருத்துவர்தான் என்று யாரோ பக்கத்து நாற்காலிக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மாவு வேறு, மாடு வேறு என்றார்.

"தோக்தோசுன்," என்றார் மெலிஸ். "தோக்தோசுன்."

ஷைஷென் ஜிபாரின் காதருகே குனிந்தார். "மெலிஸ், மெலிஸ்னு வாய் வலிக்க வாசிச்சேன்னு அந்தம்மா சொல்லுச்சு. சொல்லக் கூடாத பேரா இருந்தா எப்படிச் சொல்லியிருக்கும்? இதைத்தானே அந்தாளுகிட்ட சொல்லப் பார்த்தே?"

"மூணு தடவை ஆரம்பிச்சேன்."

"எண்ணினேன்," என்றார் ஷைஷென்.

அறுபதாவது சீட்டுக்குப் பக்கத்தில் விசாரணை அதிகாரி பொறுமை இழந்து மேடைக்கு வந்தார். மோசடி இல்லையென்றே வைத்துக்கொள்வோம், வெற்றுத்தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டதாக மற்ற உறுப்பினர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்களே, அதற்கு இவளை அழைத்துப் போகலாம் அல்லவா என்றார். ஜிபார் எழுந்துபோய் சாரிபெல் தாளைத் தலைவர் முன்னால் வைத்து, தேநீர் வட்டத்தைக் காட்டினாள். பிறகு தலைவரின் மேசையில் இருந்த தொகுதியின் மொத்தக் கணக்குத்தாளை ஒரு விரலால் தன் பக்கம் திருப்பினாள். அதிலும் ஒரு வட்டம் இருந்தது. கையெழுத்துகளுக்கு மீசை முளைத்திருந்தது. எண்கள் மட்டும் சவரம் செய்த முகம்போல் பளிச்சென்று இருந்தன.

"இங்க நாலு மணிக்குக் குடிச்சீங்களா, அஞ்சு மணிக்கா?" என்று கேட்டாள்.

தலைவர் கோப்பு ஒன்றை நகர்த்தி அந்த வட்டத்தின் மேல் வைத்தார். இது நிர்வாகத்தில் சிறு கவனக்குறைவு, மனிதர்கள் தேநீர் குடிக்கத்தான் செய்வார்கள், வாத்தியாரம்மா மீது நடவடிக்கைக்கு முகாந்திரம் இல்லை என்று எழுதச் சொன்னார். விசாரணை அதிகாரியைப் பார்த்து, தலைநகரத்துக்கு இருட்டுவதற்குள் போய்விடலாம் என்றும் சொன்னார். சாம்பல் கார் கிளம்பும் சத்தம் உள்ளே கேட்டது. புருல் கண்களை மூடி, ஒருமுறை நன்றாக மூச்சு விட்டாள். பிறகு அடுத்த பெயருக்குத் தலை குனிந்தாள்.

நூறு தாண்டியதும் மெலிஸ் கட்டை எர்கினிடம் நீட்டினார். தலைவர் தலையசைத்து மறுத்தார். இருநூறில் குரல் உடைந்தது. இருநூற்று ஐம்பதில் டிவிக்காரன், ஐயா, இந்தப் பக்கம் பார்த்து ஒருமுறை என்று கேட்டான். இருநூற்று எண்பத்து நான்காவது முறை மெலிஸ் அந்தப் பெயரைச் சொன்னபோது அது பெயராகவே இல்லை, காற்றாக வந்தது. ஆனாலும் சால்வை குனிந்தது.

வித்தியாசம் 140 இல்லை, 424 என்று தலைவர் அறிவித்தார். மெலிஸ் நாற்காலியில் சாய்ந்து தொண்டையைத் தடவிக்கொண்டு தண்ணீர் கேட்டார்.

தண்ணீர் எங்கேயும் இல்லை. மேடையோரத்தில் தேநீர்க் கெண்டி இருந்தது. புருல் போய் எடுத்து வந்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் மரியாதையாக அவர் முன்னால் வைத்தாள். ஊற்ற ஆரம்பித்தாள். கால் கிண்ணம் வந்தது. பாதி வந்தது. அவள் நிறுத்தவில்லை. தேநீர் விளிம்புக்கு வந்து, மேலே கொஞ்சம் உப்பி, கீழே தட்டிலும் ஒரு சொட்டு விழுந்தது.

மெலிஸ் கிண்ணத்தைப் பார்த்தார். என்ன இருந்தாலும் சாரிபெல்லில் பிறந்தவர். குடிக்காமலே தொப்பியை எடுத்துக்கொண்டார்.